இரண்டு பாண்ட் நாவல்களில் எது சிறந்தது? முடிவெடுக்க உதவுங்கள்

வாசிப்பு வட்டத்துக்கு இயன் ஃபிளெமிங்கின் ஜேம்ஸ் பாண்ட் வரிசையில் ஒரே ஒரு நாவல் வேண்டும். 1953-இல் வந்த 'கேசினோ ராயல்' தொடங்கி வரிசையாகப் படித்து, விவாதித்து, வாக்கும் எடுத்தாயிற்று. இரண்டு நாவல்கள் சமமாக நிற்கின்றன.

'ஃப்ரம் ரஷ்யா வித் லவ்' (1957): முதல் பத்து அத்தியாயங்களும் ஸ்மெர்ஷ் என்ற சோவியத் உளவு அமைப்பு தீட்டும் சதிதான், பாண்ட் நேரில் வருவதே அதற்குப் பிறகு. வரிசையிலேயே இறுக்கமான கட்டமைப்பு இதற்குத்தான் என்பேன். ஆனால் சிலர் அந்தப் பகுதியிலேயே புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். ஸ்மெர்ஷ் அதிகாரி ரோசா க்ளெப்பின் விஷக்கத்தி பட்டு பாண்ட் சரிவதோடு கதை நின்றுவிடுவதும் சிக்கல்.

'ஆன் ஹெர் மெஜஸ்டிஸ் சீக்ரெட் சர்வீஸ்' (1963): பாண்டின் மனைவி டிரேசியின் மரணம் உலுக்குகிறது. ஆனால் வில்லன் புளோஃபெல்டு யாரென்று தெரிய முன்னதாக 'தண்டர்பால்' (1961) தேவைப்படுகிறது.

பாண்டை இதுவரை படிக்காதவருக்குத் தனி நாவலாக இவற்றில் எதைக் கொடுப்பீர்கள், ஏன்?