மறு: ‘ரைடர்’ – ஒரு சொல்லா, இரண்டு சொற்களா?

அன்புள்ள குழுவினருக்கு,

அமெரிக்க மருத்துவச் சீர்திருத்தம் பற்றி நான் இப்போது மொழிபெயர்க்கும் கட்டுரையில் வரும் ‘ரைடர்’ என்ற சொல்லுக்குத் தமிழ் தேடும் நம் மடல்களின் தொடர்ச்சி இது. கருக்கலைப்புக்கு அரசுப் பணம் தரக் கூடாது என்கிற ஹைட் திருத்தத்திலிருந்து பேச்சு தொடங்கியது. அதைப் பற்றி வந்த கேள்வி:

> ‘ஹைட் அமென்ட்மென்ட்’ என்பதை ‘ஹைட் சட்டத்திருத்தம்’ என்று எழுதினால் போதுமே. இதற்கு ஏன் இத்தனை மடல்கள்?

போதாது என்பதை நான் பட்டு அறிந்தேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாத இதழுக்காக, அமெரிக்க மருத்துவக் காப்பீட்டுச் சீர்திருத்தம் பற்றிய கட்டுரையை மொழிபெயர்த்தபோது அப்படித்தான் எழுதினேன். ‘அமெரிக்க அரசியல் சட்டத்தில் இது எத்தனையாவது திருத்தம்?’ என்று கேட்டு ஒரு வாசகர் கடிதம் போட்டார். அவர் கேட்டதில் தவறே இல்லை. சட்டத்திருத்தம் என்றால் இருக்கிற சட்டத்தின் வாசகத்தை மாற்றுவது, மாற்றியபின் அது நிலைத்து நிற்பது என்றுதான் நாம் படித்திருக்கிறோம். ஹைட் திருத்தமோ எந்த நிலையான சட்டத்தையும் திருத்தவில்லை.

நடந்தது இது. 1973-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரோ வழக்கில் கருக்கலைப்பை அரசியல் சட்ட உரிமையாக ஏற்றது. மூன்று ஆண்டுகள் கழித்து, இல்லினாய்ஸைச் சேர்ந்த குடியரசுக் கட்சி உறுப்பினர் ஹென்றி ஹைட், நலத்துறைக்கான நிதி ஒதுக்க மசோதாவில் ஒரு பத்தியைச் சேர்க்க வைத்தார். இந்த மசோதா தரும் பணத்தைக் கருக்கலைப்புக்குச் செலவிடக் கூடாது. தாயின் உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் விலக்கு. அவ்வளவுதான். அந்த மசோதாவின் ஆயுள் ஒரு நிதியாண்டு. பத்தியின் ஆயுளும் அதுவே. அடுத்த ஆண்டு புதிய மசோதாவில் மறுபடியும் எழுத வேண்டும், மறுபடியும் நிறைவேற்ற வேண்டும். 1993-இல் வன்புணர்வாலோ நெருங்கிய இரத்த உறவினராலோ உண்டான கருவுக்கும் விலக்கு வந்தது. விதி மட்டும் ஆண்டு தவறாமல் தொடர்கிறது. நிலையான சட்டமாக ஒருபோதும் இல்லாத ஒரு பத்தி, ஏறக்குறைய அரை நூற்றாண்டாக, ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடாகிய மெடிகெய்டு திட்டத்தை நம்பி இருக்கிற பெண்களின் வாழ்க்கையில் சட்டமாக இருந்து வருகிறது. 1980-இல் உச்ச நீதிமன்றமும் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் இதைச் செல்லும் என்றது: உரிமை உண்டு, அதற்காக அரசு பணம் தர வேண்டிய கட்டாயம் இல்லை.

இது ஏன் நிதி மசோதாவின் மேல் ஏறிக்கொள்கிறது என்பதுதான் சொல்லாக்கத்துக்கு முக்கியம். தனியாகக் கொண்டு வந்தால் தோற்கக்கூடிய விதி இது. நிதி மசோதா தோற்றால் அரசு அலுவலகங்கள் மூடப்படும். ஆகவே அதைத் தோற்கடிக்க எவரும் தயங்குவார்கள். குடியரசுத் தலைவராலும் ஒரு பத்தியை மட்டும் அடித்துவிட்டுக் கையெழுத்திட முடியாது. மசோதா முழுவதையும் ஏற்க வேண்டும், அல்லது முழுவதையும் திருப்பி அனுப்ப வேண்டும். இப்படிப்பட்ட பத்தியைத்தான் அங்கே ‘ரைடர்’ என்கிறார்கள்.

இதுவரை குழுவில் வந்த சொற்களைப் பார்க்கிறேன். ‘பின்னிணைப்பு’ நூலின் கடைசிப் பக்கங்களைத்தான் நினைவூட்டும். ‘சவாரி விதி’ என்றால் குதிரைப் பந்தய விதிமுறை என்று எண்ண இடமுண்டு. ‘ஒட்டுவிதி’ எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஒட்டு மாங்கன்று தாய்மரத்தின் சாற்றில் வாழ்வதைப் போல என்று அதை முன்மொழிந்தவர் விளக்கிய அழகையும் ரசித்தேன். ஆனால் ஒரு சிக்கல். இந்தக் கட்டுரையில் பக்கத்துக்குப் பத்து இடத்தில் ஓட்டு வருகிறது. ஒரு சுழி குறைந்தாலோ கூடினாலோ ஒட்டுவிதி ஓட்டுவிதி ஆகிவிடும். அச்சுக்கோப்பில் இது கட்டாயம் நடக்கும். அதனால் மனமில்லாமல் விடுகிறேன்.

என் பரிந்துரை ‘செருகுவிதி’.

இனி, தலைப்பில் நான் கேட்ட கேள்வி: ‘ரைடர்’ என்பதற்குத் தமிழில் ஒரு சொல் போதுமா, இரண்டு வேண்டுமா? 2009 நவம்பர் 7 இரவு நடந்ததை மொழிபெயர்க்கத் தொடங்கியபோதுதான் எனக்கு இது புரிந்தது. ஒபாமாவின் மருத்துவச் சீர்திருத்த மசோதா அன்று பிரதிநிதிகள் சபையில் வாக்கெடுப்புக்கு வந்தது. மிச்சிகனைச் சேர்ந்த ஜனநாயகக் கட்சி உறுப்பினர் பார்ட் ஸ்டூபாக், பென்சில்வேனியாவைச் சேர்ந்த குடியரசுக் கட்சியின் ஜோ பிட்ஸுடன் சேர்ந்து ஒரு திருத்தம் கொண்டு வந்தார். அரசு மானியம் பெற்றுக் காப்பீட்டுச் சந்தையில் பாலிசி எடுக்கும் எவருக்கும், அந்தப் பாலிசியில் கருக்கலைப்புச் செலவு அடங்கியிருக்கக் கூடாது என்பது அதன் சாரம். ஹைட் விதியில் இருந்த அதே விலக்குகள் இதிலும் உண்டு. வேண்டும் என்கிற பெண், தன் சொந்தப் பணத்தில் அதற்கென்று தனியாக ஒரு கூடுதல் காப்பீடு வாங்கிக்கொள்ளலாம். அந்தக் கூடுதல் காப்பீட்டுக்கும் ஆங்கிலத்தில் ‘ரைடர்’ என்றே பெயர்! நம் ஊரில் ஆயுள் காப்பீட்டு முகவர்கள் ‘விபத்துக்கு ஒரு ரைடர் சேர்த்துக்கொள்ளுங்கள்’ என்பார்களே, அதே சொல்தான்.

ஆக, ஸ்டூபாக் கொண்டு வந்தது உண்மையிலேயே திருத்தம். விவாதத்தில் இருந்த மசோதாவின் வாசகத்தை அது மாற்றியது. ஹைட் கொண்டு வந்தது பெயரளவில் திருத்தம், செயலில் ரைடர். பெண்கள் தனியே வாங்க வேண்டும் என்று சொல்லப்பட்டதும் ரைடர்தான், ஆனால் அது வேறு இனம். மசோதாவின் ரைடர் பணத்தைத் தடுக்கிறது. காப்பீட்டின் ரைடர் பணத்தைக் கொடுக்கிறது. இரண்டுக்கும் தமிழில் ஒரே சொல்லைப் போட்டால், அந்த இரவின் விவாதம் முழுவதும் வாசகருக்குக் குழம்பிவிடும். எதிர்த்தவர்களின் வாதமே இரண்டாவது ரைடரைப் பற்றியதுதான். எதிர்பாராமல் உண்டாகும் கருவுக்காக எந்தப் பெண் முன்கூட்டியே பாலிசி எடுத்து வைப்பாள் என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு நேரான பதிலை நான் எங்கும் படித்ததில்லை.

எனவே காப்பீட்டுப் பொருளுக்குத் ‘துணைக்காப்பீடு’ என்று வைத்துக்கொள்ளலாம். விபத்துக்கு எடுப்பதற்கும் அதுவே பொருந்தும்.

அன்று ஸ்டூபாக் திருத்தம் 240–194 என்று வென்றது. ஜனநாயகக் கட்சியினர் 64 பேர் அதற்கு வாக்களித்தார்கள். அதே இரவில் மசோதாவும் 220–215 என்று வென்றது. அதற்கு வாக்களித்த குடியரசுக் கட்சியினர் ஒரே ஒருவர், லூசியானாவின் ஜோசப் காவ். திருத்தத்தை ஆதரித்துவிட்டு, திருத்தப்பட்ட மசோதாவை எதிர்த்தார்கள் மற்றவர்கள். இங்கேதான் நம் பட்டியலில் இருக்கிற மற்றொரு சொல் வருகிறது.

> கட்சி அடிப்படையிலான எதிர்ப்புக்குக் ‘கொறடா எதிர்ப்பு’ என்று வைக்கலாமா?

வேண்டாம். நம் நாட்டில் 1985 முதல் கட்சித் தாவல் தடைச் சட்டம் இருக்கிறது. கொறடாவின் உத்தரவை மீறி வாக்களித்தால் பதவியே போகலாம். அமெரிக்காவில் கொறடா உண்டு, அந்தத் தண்டனை கிடையாது. அதனால்தான் 64 பேரால் தம் தலைமைக்கு எதிராகத் திருத்தத்தை ஆதரிக்க முடிந்தது. அதனால்தான், டிசம்பர் 24 அன்று செனட்டில் 60–39 என்று மசோதா நிறைவேறியபோது குடியரசுக் கட்சியிலிருந்து ஒரு வாக்குக்கூட ஆதரவாக விழவில்லை என்பதற்கு அத்தனை கனம். யாரும் கட்டிப்போடாமலே ஒருவரும் நகரவில்லை. ‘கட்சிவழி எதிர்ப்பு’ என்று எழுதுகிறேன். ஸ்டூபாக் குழுவினருடையது ‘உட்கட்சி எதிர்ப்பு’. இரண்டையும் ‘கருக்கலைப்பு எதிர்ப்பு’ என்று ஒரே கட்டாகக் கட்டிவிட்டால் வரலாறு பிழையாகிவிடும். குடியரசுக் கட்சியின் எதிர்ப்புக்கு வரி, காப்பீட்டுக் கட்டாயம், அரசின் அளவு என்று வேறு பல காரணங்களும் இருந்தன.

‘செருகுவிதி’ பற்றி உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

——

அன்புள்ள தங்கைக்கு,

துணைக்காப்பீடு, கட்சிவழி எதிர்ப்பு இரண்டும் நன்றாக இருக்கின்றன. செருகுவிதியில் எனக்கு உடன்பாடு இல்லை. ‘இடைச்செருகல்’ என்று நாம் எதைச் சொல்கிறோம்? பழைய நூலில் பின்னால் வந்த ஒருவர், தம் பாட்டை ஆசிரியர் பாட்டோடு கலந்து வைப்பதை. அதில் திருட்டுத்தனம் என்ற குற்றச்சாட்டு இருக்கிறது. ஹைட் ஒளித்து எதையும் செய்யவில்லை. 1977-இல் சபையில் எழுந்து, சட்டப்படி முடியுமானால் பணக்காரப் பெண், நடுத்தரப் பெண், ஏழைப் பெண் எல்லோரையும் தடுக்கவே விரும்புகிறேன், ஆனால் கையில் கிடைத்த ஒரே வாகனம் இந்த மெடிகெய்டு மசோதாதான் என்ற பொருளில் வெளிப்படையாகவே பேசினார். அவர் கருத்தை நான் ஏற்கவில்லை. முப்பது ஆண்டுகளாக மகப்பேறு மருத்துவராக இருக்கிறேன். வசதி இல்லாத பெண்ணைத் தடுப்பதன் விளைவு என்னவென்று எனக்குத் தெரியும். ஆனால் கலைச்சொல் எதிராளிக்கும் சொந்தமாக இருக்க வேண்டும். ஹைட்டை ஆதரிக்கிற ஒரு தமிழரும் கூச்சமில்லாமல் எழுதக்கூடிய சொல்லாக அது இருக்கட்டும். அவரே வாகனம் என்றார். ‘ஏறுவிதி’ என்று வைத்தால் என்ன?

மற்றொன்று. உங்கள் முந்தைய வரைவில் இரண்டு இடங்களில் ‘கருச்சிதைவு’ என்று இருக்கிறது. தானாகக் கலைவது கருச்சிதைவு. மருத்துவர் கலைப்பது கருக்கலைப்பு. காப்பீட்டைப் பற்றிய கட்டுரையில் இதை மாற்றி எழுதினால், கரு தானாகச் சிதைந்து வந்த பெண்ணுக்கும் சிகிச்சைச் செலவை மறுத்ததாகப் பொருளாகிவிடும். தயவுசெய்து திருத்துங்கள்.

——

அன்புள்ள அக்கா,

கருச்சிதைவைத் திருத்திவிட்டேன். நன்றி. அது சிறு பிழை அல்ல.

ஹைட்டின் அந்தப் பேச்சை நீங்கள் நினைவூட்டியதிலிருந்து இரண்டு நாள்களாக இதையே எண்ணிக்கொண்டிருக்கிறேன். சொல் எதிராளிக்கும் சொந்தமாக வேண்டும் என்பதை முழுவதும் ஏற்கிறேன். ஆனால் செருகுதல் என்ற வினையில் களவு இல்லை. களவு, ‘இடை’ என்ற முன்சொல்லும் புலவர்களின் கோபமும் சேர்ந்து தந்தது. கொண்டையில் பூவைச் செருகுகிறோம். கூரை வீட்டின் எரவாணத்தில் அரிவாளைச் செருகி வைத்தார்கள். வீட்டில் எல்லோருக்கும் அது இருக்கும் இடம் தெரியும். பூவைச் செருகினாலும் அரிவாளைச் செருகினாலும் வினை ஒன்றுதான். அது நல்லதா கெட்டதா என்பதைச் செருகப்பட்ட பொருள் சொல்லட்டும், சொல் சொல்ல வேண்டாம்.

‘ஏறுவிதி’யை நான் விடுவதற்குக் காரணம் வேறு. ஏறு என்றால் காளையும் உண்டு, ஏறுதழுவலும் உண்டு. விலையேற்றம் என்ற எண்ணமும் வரும். அதைவிட, ஏறியதைப் பற்றி மட்டுமே அந்தச் சொல் பேசுகிறது. செருகியதை உருவலாம். ஹைட் விதியைப் பற்றி இன்றுவரை நடக்கும் சண்டை அதை உருவுவதா, விட்டு வைப்பதா என்பதுதான். 2016-இல் ஜனநாயகக் கட்சி தன் தேர்தல் கொள்கை அறிக்கையில் அதை நீக்குவோம் என்று எழுதியது. 2021-இல் பைடன் தம் வரவுசெலவுத் திட்டத்தை அந்தப் பத்தி இல்லாமலே அனுப்பினார். நாடாளுமன்றம் அதை மறுபடியும் செருகியது. இந்த வாக்கியத்தை ‘ஏற்றியது’ என்று எழுதிப் பார்த்தேன், ‘ஒட்டியது’ என்றும் எழுதிப் பார்த்தேன். செருகியது என்பதுதான் நிற்கிறது.

ஒரு விளக்கம் மட்டும் சேர்த்து, சொற்பட்டியலில் இப்படி எழுதியிருக்கிறேன்: ‘செருகுவிதி – கட்டாயம் நிறைவேற வேண்டிய மசோதாவில், அதன் முதன்மை நோக்கத்தோடு ஒட்டாத அல்லது அதைக் கட்டுப்படுத்தும் வகையில் சேர்க்கப்படும் விதி, சுமக்கும் மசோதாவின் ஆயுளே இதன் ஆயுள்.’ இதில் குற்றச்சாட்டு தொனிக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

கட்டுரையின் கடைசிப் பகுதியில் இதைப் பயன்படுத்திப் பார்த்தேன். செனட்டில் நெப்ராஸ்காவின் பென் நெல்சன் கேட்டபடி, மானியப் பணமும் கருக்கலைப்புக்கான பிரீமியமும் தனித்தனிக் கணக்கில் இருக்க வேண்டும், மாநிலங்கள் விரும்பினால் தம் காப்பீட்டுச் சந்தையில் அதைத் தடை செய்யலாம் என்ற ஏற்பாடு வந்தது. ஸ்டூபாக்குக்கு அது போதவில்லை. கத்தோலிக்க ஆயர்கள் பேரவையும் எதிர்த்தது. கத்தோலிக்க மருத்துவமனைகளின் சங்கமோ மசோதாவை ஆதரித்தது. 2010 மார்ச் 21 அன்று, ஹைட் செருகுவிதியின் தடை புதிய சட்டத்துக்கும் பொருந்தும் என்று ஒபாமா நிர்வாக ஆணை பிறப்பிப்பார் என்ற உறுதியைப் பெற்றுக்கொண்டு, ஸ்டூபாக் மசோதாவை ஆதரித்தார். அவர் பேசிக்கொண்டிருந்தபோதே எதிர்வரிசையிலிருந்து டெக்சாஸ் உறுப்பினர் ஒருவர் ‘குழந்தைக்கொல்லி’ என்று கத்தினார். கருவைக் காக்க வேண்டும் என்று மாதக்கணக்கில் தம் கட்சியோடு போராடியவரின் முகத்துக்கு நேரே அந்தக் கூச்சல். மசோதா 219–212. இந்த முறையும் குடியரசுக் கட்சியிலிருந்து ஒரு வாக்கும் இல்லை; ஜனநாயகக் கட்சியிலும் 34 பேர் எதிர்த்தார்கள். மறுமாதமே ஸ்டூபாக், அடுத்த தேர்தலில் நிற்கப்போவதில்லை என்று அறிவித்தார்.

வன்னியிலிருந்து எழுதும் அண்ணனிடம் ஒரு கேள்வி. உங்கள் வழக்கில் மசோதா ‘சட்டமூலம்’, காப்பீடு ‘காப்புறுதி’. ‘துணைக்காப்புறுதி’ எளிதாக அமைகிறது. ‘செருகுவிதி தாங்கிய நிதி ஒதுக்கீட்டுச் சட்டமூலம்’ என்று உங்கள் செய்தித்தாளில் அச்சிட்டால் காதுக்கு ஒத்துவருமா? ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்ல முடிந்தால் அச்சுக்குப் போகுமுன் சேர்த்துவிடுவேன்.