பின்னத்தை முழு எண்ணால் பெருக்கும்போது உத்தேச விடை எங்கோ போய்விடுகிறது, உதவுங்கள்

தடுமாறும் அப்பா:
ஆறாம் வகுப்பு படிக்கும் மகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். "உத்தேச விடை காண்க" என்று ஒரு பயிற்சி. பின்னம் 0, 1/2, 1 இந்த மூன்றில் எதற்குப் பக்கத்தில் இருக்கிறதோ அதுவாக வைத்துக்கொண்டு பெருக்கு என்றேன். 4/9 × 70-க்கு 35 வந்தது. சரியான விடை 31 சொச்சம், பரவாயில்லை.

அடுத்தது 2/9 × 400. 2/9 அரையைவிட 0-க்குத்தான் பக்கம். அதனால் விடை 0 என்று எழுதிவிட்டு, "400-ல ஒண்ணுமே இல்லையாப்பா?" என்று அவளே கேட்கிறாள். சரியான விடை கிட்டத்தட்ட 89! 3/7 × 500-க்கும் 250 வந்தது, உண்மையில் 214தான். எங்கே தப்பு?

சும்மா வந்தவன்:
மகள் கேட்டதுதான் சரியான கேள்வி. அவளையே சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள் 😄

பழைய வாத்தியார்:
நீங்கள் சொன்ன வழி பின்னங்களைக் கூட்டவும் கழிக்கவும் நன்றாக உதவும். பெருக்கலில் பிழையும் சேர்ந்து பெருகும். 3/7-ஐ அரையாக்கினால் கூடுவது வெறும் 1/14. ஆனால் அது 500 தடவை கூடுகிறதே, 35-க்கு மேல் ஏறிவிடும்.

பின்னத்தை விட்டுவிட்டு முழு எண்ணை நகர்த்துங்கள். 500 ஏழால் மீதியின்றி வகுபடாது, 497 வகுபடும். ஏழில் ஒரு பங்கு 71, மூன்று பங்கு 213. நாம் எடுத்தது 3, விடையில் குறைவது அந்த 3-ல் 3/7 பங்குதான், ஒன்றரைகூட இல்லை.

2/9 × 400-க்கு இருபக்கமும் போய்ப் பாருங்கள். 396 என்றால் 88, 405 என்றால் 90. விடை இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. பெருக்கலில் 0-ஐ மட்டும் கிட்டவே சேர்க்காதீர்கள்.

தடுமாறும் அப்பா:
புரிந்தது சார். ஆனால் 497 அவளுக்குச் சட்டென்று தோன்றாதே? அதைத் தேடுகிற நேரத்தில் நிஜக் கணக்கையே போட்டுவிடுவாள்.

பழைய வாத்தியார்:
490 போதும். ஏழு எழுபது 490, மூன்று எழுபது 210. உத்தேசம்தானே! வாய்ப்பாட்டில் இருக்கிற மடங்கு போதும்.

தடுமாறும் அப்பா:
இன்னொன்று. இரண்டே முக்கால் × 19. 3 × 20 = 60 என்றாள். சரியான விடை 52.25.

கோடுபோட்ட நோட்டு:
இரண்டையும் மேலே தள்ளியதால் வந்த வினை. ஒன்றை ஏற்றினால் மற்றதை இறக்கச் சொல்லுங்கள்: 3 × 18 = 54. இன்னும் நெருங்க வேண்டுமென்றால், மூன்று 19 என்பது 57, கூட எடுத்தது 19-ல் கால், ஏறக்குறைய 5. கழித்தால் 52. எனக்கு இந்த இரண்டாவது வழிதான் பிடிக்கும், மனசிலேயே முடிந்துவிடும்.

தடுமாறும் அப்பா:
நன்றி. நேற்று 5/8 × 83 கொடுத்தேன். 80-ஆக்கி, எட்டில் ஒன்று 10, ஐந்து பங்கு 50 என்றாள். "83-ஐக் குறைச்சுட்டோம்ல, அதனால நிஜ விடை 50-க்கு மேலதான்" என்று தானாகவே சேர்த்துச் சொன்னாள். போட்டுப் பார்த்தால் 51.875.

இப்போது 11/23 × 600-ஐ வைத்துக்கொண்டு, "இதுக்கு மட்டும் அரைன்னு வெச்சுக்கலாமா?" என்கிறாள். என்ன சொல்ல?

பழைய வாத்தியார்:
தாராளமாக. 23-ல் பாதி பதினொன்றரை, தொகுதியில் 11 இருக்கிறது. அரைக்கு இவ்வளவு ஒட்டி நிற்கும்போது 23-ன் மடங்கைத் தேடி அலைய வேண்டாம். 300-க்குக் கொஞ்சம் குறைவு என்று எழுதட்டும். நிஜ விடை 287 பக்கம்.