மறு: ‘நாலெட்ஜ் கேட்’டுக்குத் தமிழ்ச்சொல் – ‘அறிபூட்டு’ சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம். கணினி விளையாட்டில், ஆட்டக்காரர் ஒன்றை அறிந்தால் மட்டுமே கடக்கக்கூடிய இடத்தை ஆங்கிலத்தில் ‘நாலெட்ஜ் கேட்’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்பதுதான் கேள்வி.

> ‘அறிவுத்தடை’ என்றே வைத்துவிடலாம். கேட்டதும் புரியும்.

தடை என்றதும் ஆட்டக்காரரை நிறுத்துவது மட்டும்தான் மனதில் படுகிறது. திறக்க வழி உண்டு, அதைத் தேடுவதுதான் ஆட்டமே என்பது அந்தச் சொல்லில் இல்லை. அறிவு வளர்ச்சிக் குறைபாடு என்று தவறாகப் படிக்கவும் இடமிருக்கிறது. ‘அறிவாயில்’ என்று சேர்த்தெழுதினால் எங்கே பிரிப்பது என்று தெரியவில்லை. ‘அறிவுப்பூட்டு’ கிட்டத்தட்ட வந்துவிட்டது. ஆனால் ஓடுகிற கண்ணுக்கு அது ‘அறிவூட்டு’ ஆகிவிடும். அதனால் ஊறுகாய், குடிநீர் போல வினைத்தொகையாக ‘அறிபூட்டு’ என்று வைக்கலாம் என்கிறேன். வினைத்தொகை என்பதால் ஒற்று மிகாது. ‘அறிப்பூட்டு’ என்று எழுதிவிடக் கூடாது.

> கதவின் எண்ணைச் சுவரில் படித்துவிட்டு வந்து திறப்பதும் இதில் அடங்கும்தானே? அதுவும் தெரிந்தால்தான் திறக்கும்.

இதில்தான் எனக்கு உடன்பாடில்லை. இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால் வடிவமைப்பாளருக்கு அந்தச் சொல்லால் பயனே இல்லை. பிரித்துப் பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. ஒவ்வொரு புது ஆட்டத்திலும் விடையை மாற்றிவிடுங்கள். ஏற்கெனவே ஆடி முடித்தவர் அப்போதும் மறுபடி குறிப்பைத் தேடி அலைய வேண்டுமானால் அது குறியீட்டுப் பூட்டு. விடை மாறியும், முன்பு கற்ற விதி அவருக்கு அப்படியே கைகொடுத்தால் அது அறிபூட்டு.

1997இல் வந்த ‘ரிவென்’ ஆட்டத்தின் கவிகைகளில் (குவிமாடங்களில்) இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக இருப்பதைப் பார்க்கலாம். கவிகையைத் திறக்க, 25 இடங்கள் கொண்ட அளவுகோலில் ஐந்து நகர்த்திகளைச் சரியாக நிறுத்த வேண்டும். அந்த ஐந்து எண்களும் ஒரு குறிப்பேட்டில் இருக்கின்றன. ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும். இது குறியீட்டுப் பூட்டு. ஆனால் எண்கள் அந்த உலகத்து எழுத்தில் இருக்கின்றன. எண்முறையோ 25ஐ அடிப்படையாகக் கொண்டது. அதைக் கற்கும் இடம் காட்டுத்தீவின் பள்ளிக்கூடம். அங்குள்ள விளையாட்டுப் பொருளை இயக்கினால் ஓர் எண் தோன்றும். தொங்கும் பொம்மை அத்தனை படி கீழிறங்கும். அது காட்டுவது 1 முதல் 10 வரைதான். 1 நெட்டுக்கோடு, அதைக் கால்வட்டம் திருப்பிப் படுக்கவைத்தால் 5, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வரைந்தால் 6. 2ஐத் திருப்பினால் 10 வருவதையும் பார்த்துவிட்டால், 3ஐத் திருப்பினால் 15 என்பதை யாரும் சொல்லித்தர வேண்டாம். பத்துக்கு மேல் ஆட்டக்காரரே கட்டிக்கொள்கிறாரே, அந்த இடம்தான் அறிபூட்டு.

பள்ளிக்கூடம் என்பதும் சும்மா வந்ததல்ல. அந்த ஊர்ப் பிள்ளைகள் எண் கற்கும் இடம் அது. குறிப்பு கொடுக்கவென்றே தனி அறை கட்டினால் ஆட்டக்காரருக்கு உலகம் மறைந்து வடிவமைப்பாளரின் கை தெரிந்துவிடும்.

அடுத்து, குருட்டு முயற்சி. அறிபூட்டு என்று பெயர் வைத்துவிட்டு மூன்று நெம்புகோல், ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலை என்று அமைத்தால் மொத்தம் 64 சேர்க்கைதான். முயற்சிக்கு 3 நொடி என்றால் மூன்றே கால் நிமிடத்துக்குள் எல்லாம் தீர்ந்துவிடும். ஒருவரும் விதியைக் கற்க மாட்டார்கள். ரிவென் கவிகையில் 25 இடங்களில் ஐந்தைத் தேர்ந்தால் 53,130 சேர்க்கை. முயற்சிக்கு 10 நொடி வைத்தாலும் ஆறு நாளுக்கு மேல் ஆகும். சேர்க்கையைப் பெருக்க முடியாதபோது உறுதிப்படுத்தலைத் தள்ளிப்போடலாம். 2018இல் வந்த ‘ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்’ 60 பேரின் கதியைக் கேட்கிறது. மூன்று பேருக்குச் சரியாக எழுதினால்தான் ‘சரி’ என்கிறது. ஒருவரை மட்டும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கும் வழி அங்கே பெரும்பாலும் அடைபட்டுவிடுகிறது.

ஆனால் சேர்க்கை பெருகப் பெருகப் பின்னூட்டம் தெளிவாக இருக்க வேண்டும். தவறினால் ‘விதியே தவறா, விதி சரியாகி உள்ளீடு தவறா’ என்று ஆட்டக்காரருக்குத் தெரிய வேண்டும். நெம்புகோல் இங்கே, திறக்கும் கதவு இரண்டு அறை தள்ளி என்று வைத்தால், சரியான விதியைக் கண்டவர்கூட அதைக் கைவிட்டுவிடுவார்.

கற்கும் வரிசையும் முக்கியம். 1993இன் ‘மிஸ்ட்’ ஆட்டத்தில் இயந்திர உலகின் சுழலும் கோட்டை ஒவ்வொரு திசைக்கும் ஓர் ஒலி எழுப்பும். செலனிட்டிக் உலகின் சுரங்க வண்டியில் வழிகாட்டுவது அதே ஒலிகள்தான். தென்கிழக்கு போன்ற மூலைத் திசைகளுக்கு இரண்டு ஒலி சேர்ந்து வரும். மிக நேர்த்தியான அறிபூட்டு. ஆனால் உலகங்களுக்கு எந்த வரிசையிலும் போகலாம். செலனிட்டிக்குக்கு முதலில் போனவர், அந்த ஒலிக்குப் பொருள் உண்டு என்பதையே அறியாமல் ஒவ்வொரு கிளையாகப் போய்த் திரும்புவார். வரிசை திறந்திருந்தால் விதியைக் குறைந்தது இரண்டு இடத்தில் கற்பிக்க வேண்டும். இல்லாவிட்டால் பூட்டின் அருகிலேயே ‘இது வேறெங்கோ கற்க வேண்டியது’ என்று காட்டும் அடையாளமாவது வேண்டும்.

ஆக, பொருளைக் கொண்டுவந்து திறப்பது கைப்பொருள் பூட்டு, செய்தியைக் கொண்டுவந்து திறப்பது குறியீட்டுப் பூட்டு, விதியைப் புரிந்து திறப்பது அறிபூட்டு. ‘பொருட்பூட்டு’ என்று சுருக்க வேண்டாம். பொருள் என்றால் அர்த்தமும்தானே. திறக்க உதவும் அறிவை ‘அறிசாவி’ எனலாம்.

* * *

வணக்கம் நண்பரே.

அறிபூட்டுக்கு என் ஆதரவு. விடையை மாற்றிப் பார்க்கும் சோதனையை வரையறையிலேயே சேர்த்துவிட வேண்டும். ‘அறிசாவி’ மட்டும் வேண்டாம். ஆட்டத்துக்குள் எடுத்துச் செல்லும் பண்டம் என்ற எண்ணத்தைச் ‘சாவி’ கொண்டுவந்துவிடுகிறது. ‘விதி’ என்றே சொல்லலாம், அதற்குத் தனிச்சொல் தேவைப்படவில்லை.

இன்னொன்று. பூட்டே கண்ணுக்குத் தெரியாத இடங்களும் உண்டு. 2019இன் ‘அவுட்டர் வைல்ட்ஸ்’ ஆட்டத்தில் 22 நிமிடத்துக்கு ஒருமுறை எல்லாம் பழையபடி தொடங்கும். தங்குவது நாம் அறிந்ததும் கப்பலின் பதிவேடும்தான். அங்குள்ள குவாண்டம் நிலவு, கண்ணை எடுத்தால் இடம் மாறிவிடும். மேகத்துக்குள் நுழைந்ததும் நிலவு பார்வையிலிருந்து மறைவதால் இறங்க முடியாமல் போகிறது. அதைப் படம் பிடித்து, படத்தைப் பார்த்தபடியே பறந்தால் நிலவு நகராது. படம் பிடிக்கும் கருவி தொடக்கத்திலிருந்தே கையில் இருக்கிறது. இல்லாதது விதி மட்டுமே. கதவும் இல்லை, எண்பலகையும் இல்லை. இதுவும் அறிபூட்டுதான் என்று வரையறை சொல்ல வேண்டும்.

மிஸ்ட்டின் ஒலிப்புதிரைப் பற்றிச் சேர்க்க வேண்டியது, காது கேளாதவருக்கு அது எந்த வரிசையில் போனாலும் திறக்காது. விதி ஒலியில் இருந்தால் அதே விதி பார்வைக்கும் வர வேண்டும். ஒலிக்கு எழுத்துவரி போடும்போது ‘வடக்கு’ என்று எழுதிவிட்டால் பூட்டே போய்விடும். ‘மணியோசை’, ‘உலோகத் தட்டல்’ என்று ஓசையை மட்டும் எழுத வேண்டும்.

சொற்பட்டியலுக்கு என் வரைவு:

அறிபூட்டு (பெ.): விளையாட்டு உலகின் ஒரு விதியைப் புரிந்துகொண்டவரே கடக்கக்கூடிய இடம். கதவாகத் தோன்ற வேண்டியதில்லை. விடை மாறினாலும் விதி மாறாது. ஒப்பிடுக: குறியீட்டுப் பூட்டு, கைப்பொருள் பூட்டு.