பாலர்பள்ளிக் கோலாட்டம்: பார்த்துச் செய்தால் மட்டும் போதுமா?

கேள்வி (பாலர்பள்ளி ஆசிரியை, சிங்கப்பூர்):
வணக்கம். என் வகுப்பில் தமிழ், மலாய், சீனக் குடும்பங்களைச் சேர்ந்த ஐந்து வயதுப் பிள்ளைகள் 18 பேர் படிக்கிறார்கள். அவசரத்தை அடக்குவது, சொன்னதை நினைவில் வைப்பது, விதி மாறினால் தாமும் மாறிக்கொள்வது ஆகிய திறன்களை நடனம் வளர்க்கும் என்று நம்பி, இரண்டு மாதங்களாகக் கோலாட்டம் கற்பித்து வருகிறேன். அழகாகவே ஆடுகிறார்கள், ஆனால் நான் விலகியதும் கோல்கள் நின்றுவிடுகின்றன. என்னைப் பார்த்து அப்படியே செய்வதில் சிந்தனைக்கு என்ன வேலை? பிற சமூகங்களின் ஆட்டங்களையும் சேர்க்கலாமா?

பதில் (நடன ஆசிரியர்):
உங்கள் ஐயம் நியாயமானது. நீங்கள் சொன்ன மூன்றையும்தான் உளவியலாளர் அடெல் டயமண்ட் தமது 2013ஆம் ஆண்டுக் கட்டுரையில் அடிப்படைத் திறன்களாக வகுக்கிறார். சவால் கூடிக்கொண்டே போக வேண்டும் என்றும் வலியுறுத்துகிறார். ஆகவே வரிசை மனப்பாடமானதும் அதை மாற்றுங்கள். 'தகதிமி' என்று நான்காக எண்ணித் தட்டியவர்கள், நீங்கள் சொன்ன நொடியில் 'தகிட' என்று மூன்றுக்கு மாறட்டும். பிறகு பாட்டை நிறுத்திவிடுங்கள். மனத்துக்குள் எண்ணிக்கொண்டே இருந்து, அடுத்த சுற்றின் முதல் தட்டில் எல்லாரும் ஒன்றாகச் சேர வேண்டும். இது பெரியவர்களுக்கே கடினம் என்பதால், முதல் வாரம் தடுமாறினால் கவலைப்படாதீர்கள்.

பதில் (தாய்மொழி ஆசிரியை):
கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள், ஒவ்வோர் ஆட்டமும் மனத்திடம் வேறொன்றைக் கேட்கிறது. மலேசியாவின் கிளந்தான் மாநிலத்தில் செழித்த 'டிக்கிர் பாராட்' என்ற மலாய்க் குழுப்பாடலில், சம்மணமிட்டு அமர்ந்த குழுவினர் முதன்மைப் பாடகர் பாடி முடிக்கும்வரை காத்திருந்து, அதையே கைத்தட்டலோடும் அசைவோடும் திருப்பிப் பாடுவார்கள். இடம் குறைந்த வகுப்பறைக்கு இதுவே ஏற்றது. பிலிப்பீன்ஸின் டினிக்லிங்கில், இருவர் தட்டி விரித்துச் சேர்க்கும் மூங்கில்களுக்கிடையே கால் வைத்து எடுக்க வேண்டும். துடிப்பான பிள்ளை தன் காலைத் தானே நிறுத்திவைக்கக் கற்பது அங்கேதான். தொடக்கத்தில் மூங்கில் வேண்டாம், தரையில் ஒட்டிய நாடாவே போதும்.

பதில் (ஒரு தாய்):
என் மகள் படித்த இடத்தில், ஜூலை 21 இன நல்லிணக்க நாளுக்காக ஒரே வாரத்தில் நான்கு ஆட்டங்களைக் கற்பித்தார்கள். உடைகள் மட்டுமே அவள் நினைவில் நின்றன. அது எனக்கு இன்னும் வருத்தமே. ஓர் ஆட்டத்திற்குப் பல வாரங்கள் கொடுங்கள். கோலாட்டத்தில் ஆடுபவரே தட்டுகிறார், டினிக்லிங்கில் தட்டுபவர் வேறு, ஆடுபவர் வேறு. இந்த வேறுபாட்டை நீங்கள் சொல்லிவிடாமல், பிள்ளைகளே கண்டுபிடிக்கும்வரை காத்திருங்கள்.

கேள்வி கேட்டவர்:
அனைவருக்கும் நன்றி. திங்கட்கிழமை முதல் வட்டத்திற்கு வெளியே அமர்ந்து, எண்ணிச் சொல்லும் பொறுப்பை நாளுக்கொரு பிள்ளையிடம் கொடுக்கப்போகிறேன்.