திருமண ஆயத்த வகுப்பில் வீடு, சீதனம் பற்றிப் பேச வைப்பது எப்படி?

உவர்மலைவாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். திருகோணமலையில் எங்கள் கத்தோலிக்கப் பங்கில், திருமணம் நிச்சயிக்கப்பட்டவர்களுக்கான ஆயத்த வகுப்பில் குடும்ப வாழ்க்கை பற்றிய பகுதியை நடத்தித் தருமாறு பங்குத்தந்தை என்னையும் என் மனைவியையும் கேட்டிருக்கிறார். திருவருட்சாதனம் பற்றி அவரே பேசுவார். உடல்நலம் பற்றி ஒரு தாதி பேசுவார். எங்களிடம் தரப்பட்ட கைந்நூல் தமிழகத்தில் அச்சிடப்பட்டது. மணமகள் மாமியார் வீட்டில் எப்படிப் பொருந்தி வாழ வேண்டும் என்று அது பக்கம் பக்கமாக விளக்குகிறது. இங்கேயோ பெரும்பாலும் மாப்பிள்ளைதான் பெட்டியுடன் பெண் வீட்டுக்குக் குடிவருகிறார். பிள்ளைகளிடம் எதைக் கேட்டாலும், "பிரச்சினை ஒன்றும் இல்லை" என்று தலையைக் குனிந்துகொள்கிறார்கள். போதாக்குறைக்கு, வரவிருக்கும் சோடி ஒன்றில் மாப்பிள்ளை கட்டார் நாட்டின் தோகாவில் வேலை செய்கிறார். கல்யாணத்துக்குச் சற்று முன்னர்தான் லீவில் வருவார். இவர்களிடம் எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது?

பாலையூற்றான்

வணக்கம் அண்ணா. கைந்நூலின் அந்த அத்தியாயத்தைத் தயங்காமல் மூடிவிடுங்கள். நாங்கள் எங்கள் பங்கில் விரிவுரையைக் குறைத்து, இருவருக்கும் தனித்தனித் தாள் கொடுத்து, ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்க்காதபடி மண்டபத்தின் இரு மூலைகளில் உட்கார வைக்கிறோம். எழுதி முடிந்த பிறகே தாள்களை மாற்றிக்கொள்வார்கள். கேள்விகள் சில்லறைத்தனமாகத் தோன்றும்: எந்த அறையில் படுப்பீர்கள், கரன்ட் பில்லை யார் கட்டுவது, தங்கச்சிக்குக் கல்யாணம் வந்தால் இந்த வீடு யாருக்கு, மாமா மாமி எங்கே இருப்பார்கள், மாப்பிள்ளையின் தாய் நோயில் விழுந்தால் யார் போய் நிற்பது. ஒரு சோடியில் பெண், "பின் வளவில் எனக்குத் தனி அடுப்பு வேண்டும்" என்று எழுதியிருந்தாள். பையனோ, "மாமியின் சமையல் இருப்பதால் சாப்பாட்டுக் கவலை இல்லை" என்று எழுதியிருந்தான். இருவரும் சிரித்துவிட்டு, பிறகு வெகுநேரம் பேசினார்கள். நாங்கள் வாயைத் திறக்கவே வேண்டியிருக்கவில்லை. "குடும்பத்தில் ஒற்றுமை" என்று பொதுப்படையாகக் கேட்டிருந்தால் அந்த அடுப்பு வெளியே வந்திருக்காது என்பதே என் எண்ணம்.

கொட்டியாரத்தாள்

பாலையூற்றான் சொன்னவற்றுடன் உறுதி (காணி, வீட்டுப் பத்திரம்) பற்றியும் கேளுங்கள். வீடு தருவதாகப் பேச்சு முடிந்திருக்கும். ஆனால் அது பெண்ணின் பெயரில் மட்டும் எழுதப்படுகிறதா, இருவர் பெயரிலுமா, பெற்றோர் சீவிய உரித்தை (உயிருள்ளவரை அனுபவிக்கும் உரிமையை) வைத்துக்கொள்கிறார்களா என்பது பிள்ளைகளுக்குத் தெரிந்திருப்பதில்லை. மாப்பிள்ளை யாழ்ப்பாணத்தவராக இருந்தால் இன்னொன்றும் உண்டு. 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, தேசவழமை எனும் யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டத்துக்கு உட்படாத பெண் அதற்கு உட்பட்டவரை மணந்தால், அத்திருமணம் நிலைத்திருக்கும் காலத்தில் அவளும் தேசவழமைக்கு உட்படுகிறாள். தன் பெயரிலுள்ள காணியை விற்பதற்குக்கூடக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் பொதுவாக வேண்டும். இதை நீங்கள் விளக்கப் போக வேண்டாம், உறுதி எழுதும் நொத்தாரிசு ஒருவரிடம் இருவரும் சேர்ந்து போய்க் கேட்கட்டும்.

ஓய்வுபெற்ற மறைக்கல்வி ஆசிரியர்

அன்புக்குரியவர்களே, வீடும் உறுதியும் முக்கியமானவையே. எனினும், வகுப்பு எப்போது நடக்கிறது என்பதை நான் அவற்றுக்கு முன்னால் வைப்பேன். வெளிநாட்டு மாப்பிள்ளை என்றால் விசா அலுவலுக்காக முதலில் எழுத்தை (சட்டப்படியான திருமணப் பதிவை) முடித்துவிட்டு, கோவில் கல்யாணத்தைப் பல மாதங்கள் கழித்து வைக்கும் வழக்கம் நம்மிடம் பரவலாக இருக்கிறது. எழுத்து முடிந்த நாளிலிருந்தே அவர்கள் சட்டப்படி கணவன் மனைவி. 1907ஆம் ஆண்டின் திருமணப் பதிவுக் கட்டளைச் சட்டம் விவாகரத்துக்கு ஏற்கும் காரணங்கள் பிறர்மனை நாட்டம், வேண்டுமென்றே கைவிட்டுச் செல்லல், திருமணத்தின்போதே இருந்த தீராத ஆண்மையின்மை ஆகிய மூன்று மட்டுமே. "ஒத்துவரவில்லை" என்பதற்கு அங்கே இடமில்லை. அதற்குப் பிறகு வந்து உட்காரும் பெண்ணிடம், உனக்கு முழுச் சம்மதமா என்று கேட்பதில் என்ன பொருள் இருக்கிறது?

பங்குத்தந்தை இருவரையும் தனித்தனியே விசாரிப்பது வெறும் படிவம் நிரப்பும் வேலை அன்று. கடும் அச்சத்தாலோ கட்டாயத்தாலோ தரப்படும் சம்மதம் திருமணத்தைச் செல்லாததாக்கும் என்று திருச்சபைச் சட்டத்தின் 1103ஆம் பிரிவு சொல்கிறது. மணவாழ்வைப் பெரிதும் பாதிக்கக்கூடிய ஒரு தன்மையை வஞ்சகமாக மறைத்துச் சம்மதம் பெறுவது பற்றி 1098ஆம் பிரிவு பேசுகிறது. உங்கள் வகுப்பில் ஏதாவது இடறினால், பெற்றோரிடம் போகாமல், அந்தப் பிள்ளையின் அனுமதியுடன் பங்குத்தந்தையிடம் போங்கள்.

தோகா மாப்பிள்ளையைப் பொறுத்தவரை, லீவில் வந்து கூறை, மண்டபம், வீடியோக்காரர் என்று அலையும் நாட்களில் அவர் காதில் எதுவும் ஏறாது. அங்கே வெள்ளிக்கிழமை விடுமுறை. நேர வித்தியாசமும் இரண்டரை மணித்தியாலந்தான். எனவே பாலையூற்றானின் தாள்களை வாட்ஸ்அப் வீடியோவில் பல வாரங்களாகப் பிரித்துச் செய்யலாம். தோகாவிலேயே 2008இல் திறக்கப்பட்ட செபமாலை அன்னை ஆலயம் இருக்கிறது. அங்குள்ள குருவையும் அவர் போய்ச் சந்திக்கட்டும்.

உவர்மலைவாசி

மூவருக்கும் நன்றி. அந்தச் சோடிக்கு இன்னும் எழுத்து முடியவில்லை என்பதை இன்று விசாரித்து அறிந்துகொண்டேன். வகுப்பை அதற்கு முன்னரே வைக்கலாமா என்று ஞாயிறு பூசை முடிந்ததும் பங்குத்தந்தையிடம் கேட்கிறேன். பெண்ணின் தகப்பனார், "உறுதி விசயமெல்லாம் கோவிலுக்கு எதற்கு?" என்று கேட்டால் என்ன சொல்வது?

கொட்டியாரத்தாள்

அவரிடம் நீங்கள் எதையும் கேட்க வேண்டியதில்லை அண்ணா. கேள்வித்தாள் பிள்ளைகளுக்குரியது; வீட்டுக்குப் போய் அப்பாவிடம் உறுதியைக் காட்டச் சொல்லிக் கேட்பது மகளின் வேலை.