டால்பட் ஹவுஸ் மாடிச் சிற்றாலயம் – போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். அடுத்த மாதம் அப்பாவுடன் பெல்ஜியம் போகிறேன். ஈப்பர் பக்கத்துப் போர்க் கல்லறைகளைவிட, பொப்பரிங்கே ஊரில் இருக்கும் டால்பட் ஹவுஸைப் பார்ப்பதில்தான் அவருக்கு ஆசை. அதற்காகத்தான் இந்தப் பதிவு.

முதல் உலகப்போரில் ஈப்பர் போர்முனைக்குச் சற்றுப் பின்னால் இருந்த ஊர் அது. 1915 டிசம்பரில் பிரிட்டிஷ் ராணுவப் பாதிரியார் பிலிப் கிளேட்டன் அங்கே ஒரு வீட்டை வீரர்களின் ஓய்வு இல்லமாகத் திறந்தார்; அதுதான் டால்பட் ஹவுஸ். அதிகாரி, சிப்பாய் எல்லோருக்கும் ஒரே வாசல். உள்ளே வருகிறவர்கள் பதவியை மறந்துவிட வேண்டும் என்று தன் அறைக் கதவில் எழுதியே மாட்டிவிட்டார்! ராணுவத்தில் இது லேசான விஷயமில்லை. வீட்டின் உச்சிப் பரணைச் சிற்றாலயமாக்கினார்கள். தச்சர் ஒருவரின் வேலை மேசைதான் பலிபீடம். அங்கே நற்கருணை பெற்றுப் போர்முனைக்குப் போன பலர் திரும்பவே இல்லை.

சரி, என் கவலை படிக்கட்டுதான். பரணுக்கு ஏறும் கடைசிப் படிகள் ரொம்பச் செங்குத்து என்கிறார்கள். அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, முழங்கால் வலியும் உண்டு. பிடித்து ஏறக் கைப்பிடி இருக்கிறதா? நடுவில் உட்கார்ந்து மூச்சு வாங்க இடம் உண்டா? முடியாவிட்டால் தோட்டத்தோடு திரும்பிவிடலாம், ஆனால் அவர் விடமாட்டார்.

அப்புறம், பொப்பரிங்கே ரயில் நிலையத்திலிருந்து வயதானவர் நடக்கக்கூடிய தூரமா? அந்த வீட்டிலேயே இரவு தங்கியவர்கள் இருந்தால், எவ்வளவு முன்னதாக அறை பதிவு செய்தீர்கள் என்றும் சொல்லுங்கள்.