இரண்டு ‘உ’ உள்ள பழைய கீபோர்டு: என்ன வகை, எப்படி இணைப்பது?

பெட்போர்டு_ஜெராக்ஸ்

வணக்கம். குன்னூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பழைய கீபோர்டு சேர்ப்பது நான்கு வருடமாக இருக்கும் கிறுக்கு. வீட்டில் பதினொன்று கிடக்கின்றன, ஓடுவது ஆறு.

போன வாரம் கோத்தகிரி ரோட்டில் ஒரு காயலாங்கடையில், ஏதோ ஆபீஸ் காலி செய்து போட்ட கம்ப்யூட்டர் குப்பைக்குள் இது கிடைத்தது. கடைக்காரர் முதலில் எடைக்கே தருவதாகச் சொன்னார். நான் அதை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்த விதத்தைக் கண்டதும் 350 ரூபாய் என்றார். என் முகத்தை நான் இன்னும் பழக்கவில்லை.

எஃப்1 முதல் எஃப்10 வரை இடது ஓரத்தில் இரண்டு வரிசையாக நிற்கின்றன. எஃப்11, எஃப்12 கிடையாது. இப்போது கேப்ஸ் லாக் இருக்கும் இடத்தில் கன்ட்ரோல் இருக்கிறது. கேப்ஸ் லாக் ஸ்பேஸ் பாருக்கு வலப்பக்கம் போய்விட்டது. அம்புக்குறிக்குத் தனி கீ இல்லை, எஸ்கேப் நம்பர் பேடின் தலையில். எண்ணினால் 84. கம்பெனிப் பெயர் எங்கும் இல்லை. ஒரு கீயைக் கழற்றினேன், உள்ளே வெள்ளைத் தண்டு, நடுவில் நீளமாக ஒரு பள்ளம். அழுத்தினால் ‘டிக்’ என்று நல்ல சத்தம்.

விஷயம் இதுதான். கீக்கள் மேல் யாரோ கத்தரியால் வெட்டிய காகிதத் துண்டில் தமிழ் எழுத்து எழுதி, செல்லோடேப் ஒட்டியிருக்கிறார்கள். எங்கள் பெரியம்மா டைப்ரைட்டிங்கில் தமிழ் ஹையர் முடித்தவர். ‘எஃப்’ மேல் விரலை வைத்தவர், “இங்கே க இல்லையா? இந்த ‘கி’ வளைவை எவன் கொண்டுவந்து வைத்தான்?” என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். க இருப்பது ‘கே’யில். ப ‘ஹெச்’சில். ஆங்கில ‘ஐ’, ‘ஓ’ இரண்டிலும் எதுவுமே ஒட்டவில்லை, பசைத் தடம்கூட இல்லை. உ மட்டும் இரண்டு இடத்தில்: ‘ஜி’யில் ஒன்று, ‘ஒய்’யில் ஒன்று.

ஒயரின் முனையில் பெரிய வட்ட 5 பின். அதற்குப் பின் வந்த சின்ன வட்ட பிளக்குக்கு (பிஎஸ்2) மாற்றும் அடாப்டர் வாங்கிப் போட்டேன். மூன்று விளக்கும் ஒருமுறை மின்னி அணைந்தன, அவ்வளவுதான். என்ன செய்யலாம்?

குந்தா_கரண்ட்

காகிதத்தையெல்லாம் வெந்நீரில் ஊறவைத்து உரித்து எறியுங்கள். ஹைட்ரஜன் பெராக்சைடு தடவி வெயிலில் வைத்தால் மஞ்சள் போய்விடும். (குன்னூரில் வெயில் வந்தால்.) சுத்தமாக இருந்தால் நல்ல விலை போகும். ஒட்டுப்போட்டதை எவனும் வாங்க மாட்டான்.

கோடை_மூடுபனி

அண்ணா, உரிக்காதீர்கள். முதலில் அதைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் சின்னதாக ஒரு தள்ளு சுவிட்ச் இருக்கும், பக்கத்தில் எக்ஸ், ஏ என்று போட்டிருக்கும். 1980களின் கடைசியில் வந்த நகல் கீபோர்டுகளில் இது சகஜம்.

எக்ஸ் என்றால் எக்ஸ்டி. ஐபிஎம் 1981இல் முதல் பிசியோடு கொண்டுவந்த முறை. கீபோர்டு மட்டும்தான் பேசும், கம்ப்யூட்டர் கேட்டுக்கொண்டிருக்கும். 1984இல் அவர்களுடைய ஏடி கம்ப்யூட்டர் வந்தபோது (சுவிட்சில் ஏ என்பது அதுதான்) இரண்டு பக்கமும் பேசுகிற மாதிரி மாற்றினார்கள். பிளக் மட்டும் அதே 5 பின், அதனால்தான் இத்தனை குழப்பம். பிஎஸ்2 பேசுவது ஏடி பாஷை. உங்கள் அடாப்டரில் மூளை எதுவும் கிடையாது, வெறும் கம்பி மாற்றம். அதனால் சுவிட்ச் ஏ பக்கம் இருந்தால்தான் வேலை நடக்கும். அங்கிருந்து யுஎஸ்பிக்குப் போக உள்ளே சிப் உள்ள கன்வெர்ட்டர் வேண்டும். மவுசோடு இலவசமாக வரும் பச்சைக் குமிழ் உதவாது.

84 கீ, நம்பர் பேடில் எஸ்கேப் என்பது ஏடியின் அமைப்பு. எஃப் கீக்களை மேலே ஏற்றி, 11, 12 சேர்த்து, அம்புக்குறிகளைத் தனியாகப் பிரித்தது அதற்குப் பின் வந்த 101 கீ பலகை. இன்று நாம் தட்டுவதெல்லாம் அதன் பிள்ளைகள்.

நீங்கள் சொன்ன தண்டு ஆல்ப்ஸ் கம்பெனியின் கீ சுவிட்ச், அல்லது அதைப் பார்த்துச் செய்தது. இன்னொரு கம்பெனியான செர்ரி என்றால் தண்டு கூட்டல் குறி போல இருக்கும். ஆல்ப்ஸுக்குத் தூசிதான் எமன், உள்ளே போனால் மணலில் நடக்கிற மாதிரி சொரசொரக்கும். கீயைக் கழற்றும்போது கம்பி போட்டு நேராக மேலே இழுங்கள்; நெம்பினால் தண்டு உடையும். ஈரமும் ஆகாது. நான் கொடைக்கானலில் மழை மாதங்களில் மரப்பெட்டிக்குள் நாற்பது வாட் குண்டு பல்பு எரியவிட்டு வைக்கிறேன். வீட்டில் கோழிக்குஞ்சு பொரிக்கிறாயா என்று கேட்கிறார்கள்.

ஓய்வு_ஸ்டெனோ_ஊட்டி

தம்பி, உன் பெரியம்மா சொன்னது சரி. நாங்கள் படித்த டைப்ரைட்டரில் நடுவரிசை ய ள ன க ப, அப்புறம் கால், த ம ட. தூக்கத்தில் எழுப்பினாலும் இடது சுட்டுவிரல் க மேல்தான் விழும்.

இன்னொன்றும் இருக்கிறது. மிஷினில் ‘க்’ அடிக்கப் புள்ளியை முதலில் தட்ட வேண்டும். புள்ளி அடித்தால் கேரியேஜ் நகராது, அப்புறம் க அடித்தால் அதற்கு அடியில் வந்து உட்காரும். நான் சேர்ந்தது 1979. முந்தைய வருடம்தான் எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்திருந்தது. மிஷினிலோ பழைய துதிக்கை ‘லை’யே இருந்தது. கையில் ஒன்று, பாடத்தில் ஒன்று. மாஸ்டரிடம் வாங்கிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது.

உன் பலகையில் புள்ளி எங்கே இருக்கிறது?

பெட்போர்டு_ஜெராக்ஸ்

அம்மா, புள்ளி ‘எஃப்’புக்கு இடப்பக்கம் உள்ள ‘டி’யில். அதே காகிதத்தின் மேல் மூலையில் அ. ‘எஃப்’பில் வளைவுக்கு மேல் இ, ‘ஜி’யில் உகரக் குறிக்கு மேல் உ. ‘ஜே’ ர, ‘எல்’ த, அதற்கு அடுத்தது ச. மேல் வரிசையில் ‘யூ’ ஹ, ‘பி’ ஜ.

கோடைத் தம்பி, சுவிட்ச் இருந்தது! எக்ஸ் பக்கம் துருப்பிடித்து நின்றது. தீக்குச்சியால் தள்ளினேன். ஓடுகிறது. இரண்டு கீ மட்டும் சொரசொரப்பு.

கோடை_மூடுபனி

அப்படியானால் இது இன்ஸ்கிரிப்ட் என்ற எழுத்து அமைப்பு, அண்ணா. மத்திய அரசின் மின்னணுவியல் துறை 1986இல் கொண்டுவந்தது. 1991இல் இந்தியத் தர நிர்ணயத்திலும் ஏறியது. எல்லா இந்திய மொழிக்கும் ஒரே இடம் என்பது கணக்கு: உயிரும் குறிகளும் இடக்கை, மெய்கள் வலக்கை. இந்தியில் க இருக்கும் கீயில்தான் தமிழ் க, தெலுங்கு க எல்லாம்.

உங்கள் ‘ஐ’யும் ‘ஓ’வும் ஏன் காலி என்றால், அவை இந்தியில் ga, da என்று நாம் இங்கிலீஷில் எழுதும் ஒலிகளுக்கு உரிய இடம். தமிழில் அவற்றுக்குத் தனி எழுத்து கிடையாது. ஒட்டியவர் மறந்துவிடவில்லை, ஒட்ட அவருக்கு எழுத்தே இல்லை. ‘ஒய்’யும் அதே கணக்கில் காலியாக இருக்க வேண்டும், அது ba.

அந்தக் காலத்தில், விண்டோஸுக்கு முந்தைய டாஸில் இந்திய மொழி அடிக்க, மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் ஜிஸ்ட் அட்டையை கம்ப்யூட்டருக்குள் செருகுவார்கள். அதோடு வந்த அமைப்பு இதுதான். அம்மா கேட்ட புள்ளி இதில் நேர் எதிர்: க தட்டிவிட்டுத்தான் புள்ளி. கொம்பும் அப்படியே, ‘கெ’ வேண்டுமென்றால் க முதலில், கம்ப்யூட்டர் கொம்பை முன்னால் தள்ளிக்கொள்ளும். டைப்ரைட்டர் கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் போகும், இது வாயில் சொல்கிற வரிசையில். ஹையர் முடித்த ஒருவர் இதன் முன் உட்கார்ந்தால் கோபம் வரத்தான் செய்யும்.

ஆனால் ‘ஒய்’ மேல் உ எப்படி வந்தது என்று எனக்கு விளங்கவில்லை.

ஓய்வு_ஸ்டெனோ_ஊட்டி

தம்பி, அந்த ‘ஒய்’ உ-வுக்கு அடியில் கோடு ஏதாவது தெரிகிறதா பார்.

பெட்போர்டு_ஜெராக்ஸ்

லென்ஸ் வைத்துப் பார்த்தேன் அம்மா. இரண்டு சின்னக் கோடு. செல்லோடேப் மஞ்சளில் மறைந்திருந்தது. மை மட்டும் வேறு, மற்றதெல்லாம் கறுப்பு, இது மஞ்சள் கலந்த சிவப்பு. பிள்ளையார் சுழி!

காலியாகக் கிடந்த கீயில் போட்டு வைத்திருக்கிறார், மகராசன். குந்தாக்காரர் மன்னிக்கவும், உரிப்பதாக இல்லை.

பெரியம்மாவிடம் காட்டினேன். அதற்குப் பிறகுதான் பலகை பக்கமே வந்தார். இப்போது கடையில் உட்கார்ந்து ஆங்கிலத்தில் எது அடிக்க ஆரம்பித்தாலும் முதலில் அதன் மேல் ஒரு தட்டு. திரையில் ஒரு ‘ஒய்’ விழுகிறது. பிரிண்ட் கொடுக்கும் முன் நான் போய் அழித்துவிட்டு வருகிறேன்.